முன்னூற்றி நாலு வரை

என் உயிரைக் காத்த மூன்று பேரில் இரண்டு பேர், அதற்குச் சற்று முன்பு வரை என்னைக் கள்ளன் என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் எனக்காகப் பேசினார். ஆனால் அவர் சீட்டில் என் ஜோடி. ஜோடியின் பேச்சைச் சாட்சியாக எடுக்க முடியாது.

நாங்கள் முன்னூற்றி நாலு ஆடுகிறவர்கள். இருவர் இருவராக நான்கு பேர், முப்பத்திரண்டு சீட்டு. ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது என்று ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு புள்ளி உண்டு; புள்ளி கூடியது குறைந்ததை வெல்லும். எல்லாவற்றையும் கூட்டினால் முன்னூற்றி நாலு வரும். இத்தனை எடுப்போம் என்று முதலில் கேட்ட புள்ளியை எடுத்தால் வெற்றி. காசு வைப்பதில்லை. தோற்ற ஜோடி பூவரசு இலையைக் காம்போடு கிள்ளிக் காதில் செருகிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்கார வேண்டும். வெல்லும் வரை இலையைக் கழற்றக்கூடாது. வழியால் போகிறவர்கள் பார்த்துச் சிரிப்பதுதான் தண்டனை.

எனக்கு எண்ணிக்கை ஒரு வியாதி. நீர்ப்பாசன வேலையில் குளத்து நீர்மட்டம் பார்த்தே வயது போனது. ஓய்வு பெற்ற பிறகும் கண் எதையாவது அளந்துகொண்டேயிருக்கும். அதனால் சீட்டில் எந்தச் சீட்டு விழுந்தது, எது மிச்சம் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே என்னைச் சந்தேகப்படுவார்கள்.

என் வீடு மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையில், தேற்றாத்தீவில். ஆட்டம் நடப்பது வாவிக்கு அப்பால், மேற்கே படுவான்கரைத் துறையில் நிற்கும் பூவரசு மரத்தின் கீழ். கொக்கட்டிச்சோலைப் பக்கம் என் மனைவியின் அண்ணனுக்கு வயல் இருக்கிறது. வட்டை என்கிற அந்த வயல்வெளியை விட்டு அவர் நகரமாட்டார். மற்ற மூவரும் பாதை ஏறி அவரிடம் போவோம். பாதை என்பது மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. அந்த மூவரில் நான் ஒருவன். இன்னொருவர் காத்தான்குடி ஹாஜியார். ஒரு காலத்தில் படுவான்கரை முழுக்கச் சைக்கிளில் சாரம் சேலை விற்றவர், இப்போது கடையைத் தன் பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். மற்றவர் அந்தப் பகுதி பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். மனைவியின் அண்ணன், மச்சான், என் ஜோடி. ஹாஜியாரும் கொண்டக்டரும் எதிர்ஜோடி.

எழுபதைத் தாண்டிய பிறகு எனக்கு வலிப்பு வந்தது. அதுவரை தலைவலிக்குக்கூட மருந்து குடித்தவன் அல்ல. கிணற்றடியில் நிற்கிறேன், இடது கைப் பெருவிரல் தானாகத் துடிக்கிறது. ஏன் துடிக்கிறது என்று பார்க்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் நினைவில்லை. அயலவர்கள் ஓடிவந்து கையில் கதவுத் திறப்புக் கோர்வையை வைத்திருக்கிறார்கள், மூக்கில் வெங்காயம் பிடித்திருக்கிறார்கள், ஒருவர் வாய்க்குள் கரண்டியை நுழைக்கப் பார்த்து ஒரு பல்லை உடைத்திருக்கிறார். வலிப்பு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் இழுத்திருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறந்தபோது என் மனைவியின் முகம் எனக்கு முன்னே இருந்தது. அந்த முகத்துக்கு ஒரே தடவையில் வயது போயிருந்தது.

எப்போதோ நான் அறியாமல் மூளையில் இரத்தம் அடைத்த இடம் ஒன்று வடுவாக இருக்கிறதாம். அங்கிருந்துதான் புறப்படுகிறது என்றார் டொக்டர். காலையும் மாலையும் குளிசை தந்தார். குளிசை குடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் தடவையும் வந்தது. வீட்டு விறாந்தையில், அதே பெருவிரல். அன்றும் நிற்காமல் இழுத்தது.

“தானா நிக்கிற வலிப்புக்கு இவ்வளவு பயப்படத் தேவையில்ல,” என்றார் டொக்டர். “நிக்காம இழுக்கிறதுதான் மூளையையும் மூச்சையும் பிடிக்கும். உங்களுக்கு வாறது அந்த மாதிரி. ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் வரைக்கும் காத்திருக்கேலாது.”

மனைவி அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“இனி அக்கரைக்குப் போறதில்ல. அங்க விழுந்தா ஆர் பாக்கிற? அந்த மூண்டு கிழவனுகளுமா?”

“உன்ட அண்ணனும் இரிக்கார்தானே.”

“அவருக்கு மாடு விழுந்தாத்தான் தூக்கத் தெரியும்.”

வாதாடிப் பயனில்லை. முற்றத்தில் இருந்து பாதை போவதும் வருவதும் எனக்குத் தெரியும். போகும்போது அதில் எத்தனை தலை, வரும்போது எத்தனை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இல்லாத ஆட்டத்துக்கு அவர்கள் வேறு ஒருவரைச் சேர்த்துவிட்டார்களோ என்ற யோசனை வேறு. சாகப் பயந்ததைவிட, இப்படியே முற்றத்தில் இருந்து சாகப்போகிறேனே என்ற பயம்தான் அதிகமாக இருந்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் ஒரு புதிய மருந்தைத் தந்தார். அளவாக நிரப்பிய ஒரு சிறிய சிரிஞ்ச். அதில் ஊசி இல்லை. வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால், கீழ்க் கன்னத்துக்கும் பல் முரசுக்கும் இடையில் மெல்ல மெல்ல விட வேண்டும். விழுங்கத் தேவையில்லை, அந்த இடத்திலேயே ஊறி இரத்தத்தில் சேர்ந்துவிடும். பிறகும் நிற்காவிட்டாலோ, மூச்சில் மாற்றம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ஆளைச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும், பிடித்து அமத்தக்கூடாது, வாய்க்குள் வேறு எதையும் வைக்கக்கூடாது. “இத டொக்டர்தான் குடுக்கோணும் எண்டில்ல. பக்கத்தில இரிக்கிற ஆரும் குடுக்கலாம், பழகியிருந்தா,” என்றார்.

“ஆரும்” என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். மனைவியும் பிடித்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாது. அடுத்த வியாழக்கிழமை காலை அவள் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். கையில் பழைய பிஸ்கட் டப்பா. அதற்குள் மருந்து, ஒரு வெறும் சிரிஞ்ச், ஒரு போத்தல் பால் விடாத பிளேன்டி.

“வாங்க, பாதை வருது.”

பூவரசு மரத்தின் கீழ் மூவரையும் வரிசையாக இருத்தினாள். மருந்து என்ன செய்யும், எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். பிறகு வெறும் சிரிஞ்சில் பிளேன்டியை இழுத்து, ஒருவர் கன்னத்தில் மற்றவர் விடும்படி சொன்னாள். கொண்டக்டர் வாயை அகலத் திறந்தார்.

“வாயத் திறக்காதீங்க. வலிப்பில ஆரு வாயத் திறக்கிற? பல்லக் கடிச்சிக்கொண்டு இரிங்க.”

ஹாஜியார் அவர் கன்னத்தை விரலால் மெல்ல விலக்கிப் பிளேன்டியை விட்டார்.

“எப்பிடி?” என்றாள் மனைவி.

“சீனி காணாது மச்சாள்,” என்றார் கொண்டக்டர்.

மச்சானின் முறை வந்தபோது அவர் ஒரே அமுக்காக அமுக்கினார். அரைவாசி ஹாஜியாரின் தாடியில் வழிந்தது. “இவருக்கிட்டக் குடுக்காதீங்க,” என்றார் ஹாஜியார், தாடியைத் துடைத்துக்கொண்டு. “ஓவசியரக் குளிப்பாட்டிப்போட்டு வந்திருவார்.”

ஓவசியர் என்பது நான். உத்தியோகம் போனாலும் அவர்களிடம் அந்தப் பேர் போகவில்லை.

சிக்கல் நேரத்தில் வந்தது. ஐந்து நிமிடத்தை எதை வைத்துப் பார்ப்பது? ஹாஜியாரின் மணிக்கூடு தொழுகைக்குப் பிந்திவிடக்கூடாது என்று எப்போதும் முன்னே ஓடும்படி வைத்தது. கொண்டக்டர் ஃபோனில் பார்க்கலாம், ஆனால் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைத் தேடவே ஐந்து நிமிடம் போகும். மச்சான் வெயிலைப் பார்த்து நேரம் சொல்கிறவர். மனைவி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சரி. மணிக்கூடு வேணாம். சத்தமா எண்ணுங்க. ஒவ்வொண்டா, ஆறுதலா. முன்னூறு எண்ணினா அஞ்சு நிமிசம். மறந்து போயிருவீங்க எண்டா, முன்னூற்றி நாலு வரைக்கும் எண்ணுங்க. அது மறக்காதே?”

மூவரும் சிரித்தார்கள். அது மறக்காது.

அவள் எழும்பிச் சேலையைத் தட்டினாள். “அண்ணே, ஒரு தரம் பாப்பன். ஒரு பிழை விட்டீங்கெண்டா அதோட சரி. மறுகா இவர் இந்தக் கரைய மிதிக்கமாட்டார்.”

அன்றிலிருந்து வாரத்தில் மூன்று பின்னேரம் எனக்கு அக்கரை. பிஸ்கட் டப்பா என்னோடு வரும். அதைச் சீட்டுக் கட்டோடு மரத்தின் நிழல் பக்கம் வைப்போம். நிழல் நகர நகர நான் டப்பாவையும் நகர்த்துவேன். திறந்து முடிவுத் திகதியைப் பார்ப்பேன். மூடுவேன். இந்த மூவருக்கும் நேற்றுக் கறி என்னவென்று கேட்டாலே பதில் வராதே, சிரிஞ்சை எப்படி நினைவில் வைப்பார்கள் என்று திரும்பத் திறப்பேன்.

“டப்பாவுக்கு வலிப்பு வரப்போகுது,” என்பார் கொண்டக்டர். “விட்டுப்போட்டுச் சீட்டப் பாருங்க.”

அது வந்த நாள் ஒரு வியாழக்கிழமை. முதல் ஆட்டத்தில் நானும் மச்சானும் தோற்று, காதில் இலையோடு இருந்தோம். பழிவாங்கும் வெறி எனக்கு. முதல் நாலு சீட்டு கைக்கு வந்தது: இஸ்பேட் ஜாக்கி, இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் ஆஸ், அதோடு ஹார்ட் ஜாக்கி. இப்படி ஒரு கை வருவது அபூர்வம். நான் இருநூறு கேட்டேன். இஸ்பேட்டை, மற்ற எல்லாவற்றையும் வெட்டுகிற துரும்பாக்கி, ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தேன். மிச்ச நாலும் கைக்கு வந்தது. அப்போது இடது பெருவிரல் துடித்தது.

கொண்டக்டர் சீட்டைக் கீழே போட்டார்.

“கண்டீங்களா ஹாஜியார்? விரலால காட்டுறார். மச்சானுக்குச் சைகை போகுது!”

“ஓவசியர், இந்த வயசிலயும் கள்ள ஆட்டமா?” என்றார் ஹாஜியார். “அல்லாஹ் பாத்துக்கொண்டிரிக்கான்.”

“எனக்கு ஒரு சைகையும் வரல்ல,” என்றார் மச்சான். “வந்தாலும் எனக்கு விளங்காது.”

சைகை பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். எங்கள் பக்கத்தில் மூக்கைச் சொறிந்தால் ஒரு துரும்பு, காதைத் தொட்டால் இன்னொரு துரும்பு. என் விரல் என்ன செய்தாலும் அவர்களுக்கு அது சீட்டாகத்தான் தெரியும். நான் சொல்ல நினைத்தேன். “விரல்” என்ற சொல்லை நினைத்தேன். அது வாய்க்கு வரவில்லை. பூவரசின் இலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது போலிருந்தது.

மிச்சத்தை மூவரும் தனித்தனியே சொல்லக் கேட்டேன். பெரும்பாலும் மூன்று கதைகளும் பொருந்துகிற இடங்களைத்தான் எழுதுகிறேன்.

நான் சரிந்ததும் முதலில் எழும்பியவர் மச்சான். மடியில் இருந்த பாக்குவெட்டியை எடுத்து என் கையில் திணிக்கப் போயிருக்கிறார். இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று நாங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்ததுதானே. ஹாஜியார் அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார். “தங்கச்சி சொன்னது மறந்து போச்சா? அந்தப் பக்கம் வையுங்க. ஆளச் சரியுங்க.”

இருவரும் என்னை இடப்பக்கம் சரித்தார்கள். தலைக்குக் கீழே ஹாஜியாரின் சால்வை. துறையில் பாதைக்கு நின்ற சனம் ஓடிவந்தது. அவர்களை விலக்குவது கொண்டக்டரின் பொறுப்பு. வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸில் சனத்தோடு மல்லுக்கட்டியவர், குரலெடுத்துக் கத்தினார்: “உள்ளுக்குப் போங்க! உள்ளுக்குப் போங்க! நிக்காம உள்ளுக்குப் போங்க!”

சனம் கீழ்ப்படிந்து நெருங்கி வந்தது.

“உள்ளுக்கு எங்க வரச் சொல்றீங்க, மனிசன்ட மேலயா?” என்று ஹாஜியார் அலறியிருக்கிறார். கொண்டக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. “பின்னுக்கு! பின்னுக்குப் போங்க! பஸ் ஃபுல்!” என்று திருப்பிக் கத்தினார். சனம் விலகியது. வெங்காயம் கொண்டுவந்த ஒரு பெண்ணிடம் அதைச் சம்பலுக்கு வைத்துக்கொள்ளும்படி சொன்னாராம்.

இவ்வளவுக்கும் நடுவில் மச்சான் எண்ணத் தொடங்கிவிட்டார். அது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஆட்டத்தில் எந்தச் சீட்டு விழுந்தது என்பதே நினைவில் நிற்காத மனிதர், நான் விழுந்ததிலிருந்து ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே என்னைச் சரித்திருக்கிறார், எண்ணிக்கொண்டே பாக்குவெட்டியை மடியில் திரும்பச் செருகியிருக்கிறார். மற்ற இருவரும் அவரோடு சேர்ந்தார்கள். மூன்று பேரும் சத்தமாக. நூறில் கொண்டக்டரின் வேகம் கூடியது. “பஸ் விடாதீங்க, ஆறுதலா,” என்று ஹாஜியார் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இருநூறு வந்தது. என் கையும் காலும் நிற்கவில்லை. உதடு நீலமாகத் தெரிந்தது என்று மச்சான் சொல்கிறார்; இல்லை என்று ஹாஜியார் சொல்கிறார். அதைச் சொல்லும்போது ஹாஜியார் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

முன்னூற்றி ஒன்று, முன்னூற்றி இரண்டு, முன்னூற்றி மூன்று, முன்னூற்றி நாலு.

கொண்டக்டர் டப்பாவைத் திறந்து சிரிஞ்சின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். ஹாஜியார் “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி, என் கீழ்க் கன்னத்தை விலக்கி, முரசோரம் வைத்து, பிளேன்டியை விட்ட அதே நிதானத்தில் மருந்தை விட்டார். ஒரு சொட்டும் வழியவில்லை. கொண்டக்டர் அம்புலன்ஸுக்கு ஃபோன் அடித்தார். மச்சான் என் மனைவிக்கு அடிக்கும்படி துறையில் நின்ற ஒருவரிடம் ஃபோனை நீட்டிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். இப்போது அவர் மட்டும்தான். மற்ற இருவரும் என் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

இருநூறைத் தாண்டியதும் கால் நின்றது. பிறகு கை. கடைசியாக அந்தப் பெருவிரல். என் மூச்சு நீளமாக வந்தது. மச்சான் நிறுத்தவில்லை. மூச்சைப் பார்த்துப் பார்த்து, முன்னூற்றி நாலு வரைக்கும் எண்ணி முடித்துவிட்டுத்தான் நிலத்தில் இருந்தார்.

எனக்கு முதலில் கேட்டது மனைவியின் குரல். அவளும் அம்புலன்ஸும் ஏறக்குறைய ஒன்றாக வந்திருக்கிறார்கள்.

“எத்தின எண்ணினீங்க?”

“முன்னூற்றி நாலு,” என்றன மூன்று குரல்களும், வாய்ப்பாடு ஒப்புவிக்கிறது போல.

“மருந்து ஆரு குடுத்த?”

“நான்தான் மச்சாள்.”

“அண்ணன்?”

“நான் எண்ணினன்.”

“கொண்டக்டர்?”

“நான் சனத்த உள்ளுக்கு ஏத்தினன்,” என்றார் கொண்டக்டர். “மறுகா இறக்கிப்போட்டன்.”

அவள் சிரித்தாள். எனக்கு முதல் வலிப்பு வந்த நாளிலிருந்து அவள் சிரித்ததை நான் கேட்டதில்லை. கண்ணைத் திறக்கப் பார்த்தேன், நித்திரை அமத்தியது. அவள் விரல் என் காதில் பட்டது. “இதென்ன இலை? மருந்தா?” என்று கேட்டாள். ஆட்டத்தில் தோற்றால் என்று ஹாஜியார் விளக்கத் தொடங்கினார்.

அம்புலன்ஸில் வந்தவர்கள் மூச்சையும் நாடியையும் பார்த்து, எந்த நேரம் கொடுத்தது என்று கேட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே முந்திய இரண்டு தடவையும் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியவர்கள், இந்தத் தடவை என்னிடமே வயதைக் கேட்டார்கள். சரியாகச் சொன்னேன். ஓர் இரவு படுக்க வைத்தார்கள். காலையில் டொக்டர் வந்து கட்டில் விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “ஆர் அந்த மருந்தக் குடுத்த?” என்று கேட்டார். சீட்டாடுகிற ஆட்கள் என்றேன். “நான் சொன்னதெண்டு சொல்லுங்க, அவங்க சரியாச் செய்திருக்காங்க,” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அக்கரை பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை; கேட்டால் இல்லை என்ற சொல் வந்துவிடும் என்று பயம். வியாழக்கிழமை காலை பிஸ்கட் டப்பா கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்ததைக் கண்டேன். மத்தியானம் அதற்குள் புதிய சிரிஞ்ச் இருந்தது.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?” என்றாள். “பாதை போயிரும்.”

பூவரசின் கீழ் மூவரும் இருந்தார்கள். நடுவில் நாலு கட்டுச் சீட்டு, வாழைநாரால் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். பக்கத்தில் கவிழ்ந்தபடி என் துரும்பு. அந்த ஆட்டத்தை அப்படியே கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், அன்று திரும்பக் கொண்டுவந்திருந்தார் மச்சான்.

“இந்த ஆட்டம் செல்லாது,” என்றேன். என் சீட்டெல்லாம் முகம் மேலே கிடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். விழுந்தவன் கவிழ்த்து வைத்துவிட்டா விழுவான்? சும்மா நேரத்திலேயே கழுத்தை நீட்டி அடுத்தவர் கையை எட்டிப் பார்க்கிற ஆட்கள் இவர்கள்.

“கிடந்ததுதான்,” என்றார் கொண்டக்டர். “ஆர் பாத்த?”

“நீங்க பாக்கல்லயா?”

“உங்கட மூஞ்சியப் பாத்தன்,” என்றார் அவர், எரிச்சலோடு. “சும்மா கட்டப் பிரியுங்க.”

நான் நம்பவில்லை. என் இயல்பு அது. கட்டைப் பிரித்து எண்ணினேன், துரும்போடு எட்டும் இருந்தன. முதல் சீட்டு ஹாஜியாரின் இறக்கம். தாடியைத் தடவினார், யோசித்தார், ஹார்ட் ஒன்பதை எடுத்து மரியாதையாக நடுவில் வைத்தார்.

இருபது புள்ளிச் சீட்டு. ஜாக்கி கொண்டக்டரிடம் இருக்கும் என்று நம்பி இறக்கியது. அது என் கையில் இருந்தது. அந்தப் பூவரசின் கீழ், அவர் முழங்கால் பக்கம், முன்னூற்றி நாலு எண்ணி முடியும் வரை முகம் மேலே கிடந்த ஜாக்கி. ஒரு தரம், ஒரே ஒரு தரம் கண் அந்தப் பக்கம் போயிருந்தால், ஹாஜியார் ஒரு நாளும் இந்த ஒன்பதை இறக்கியிருக்கமாட்டார்.

ஜாக்கியை அதன் மேல் வைத்தேன். என் கை நடுங்கியது. மூவரும் உடனே பெருவிரலைப் பார்த்தார்கள்.

“இல்ல,” என்றேன். “இது வேற.”

இருநூற்றிப் பதினொன்று எடுத்தோம். திரும்பி வரும்போது பாதையில் ஹாஜியாரும் கொண்டக்டரும் காதில் இலையோடு நின்றார்கள். சனம் சிரித்தது. மனைவி எங்கள் கரையில் நின்றாள். முதலில் டப்பாவைக் கேட்டாள். திறந்து காட்டினேன், சிரிஞ்ச் மூடி கழலாமல் இருந்தது. பிறகுதான் அவள் எங்கள் மூன்று பேரின் காதுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என் காதில் ஒன்றும் இல்லை.